முன் சீட்டுக்காரி

பெரியவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வாரத்தில் ஆறு நாள் காலையும் மாலையும் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். அவர்கள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில்களையும் ஒற்றை ஷூக்களையும் பொறுக்கி வைப்பாள். சீட்டுக்கடியில் நசுங்கிக் கிடக்கும் பிஸ்கட்டைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் கை ஸ்டியரிங்கைத் தொடாது. அந்த ஒரு நாளையும் கார் பார்க்கவா கொடுக்கப் போகிறாய் என்று அவள் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், ஞாயிறு என்றால் மத்தியானம் வரை அந்தப் போர்வைதான் அவருக்கு உலகம். அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அதில் பாதி உண்மை.

மீதிப் பாதி அந்தக் கார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது யார் வீட்டுக்கு அவரை அழைத்துப் போவது என்பதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பெரியவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டு எவ்வளவு குறுகல் என்றால் ஃபிரிட்ஜைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாகத்தான் ஏற்றினார்கள். தங்கை, அதாவது சின்னவளின் வீடு, தரைத்தளம். பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டும் இருந்தது. அப்பா அங்கே போனார். அவரோடு கட்டில் போயிற்று, இரும்பு பீரோ போயிற்று, ஒன்பது வருஷமாக நகராமல் நின்ற அவருடைய பழைய காரும் போயிற்று. யாரும் யாருக்கும் கொடுத்ததாகப் பேச்சில்லை. வேறொரு வண்டியில் கயிறு கட்டி அதை இழுத்துப் போனபோது, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவளே பெரியவள்தான். பிரேக் பிடிக்காத வண்டியைக் கயிற்றில் வளைத்துக் கொண்டுபோக வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. தன் கையாலேயே கொண்டுபோய்த் தங்கை வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்தாள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் வாங்கி எங்கே வைப்பது, மூன்றாவது மாடி சமையலறையிலா என்று அவளே கேலி செய்துகொள்வாள். பொறாமை என்பது நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதில்லை. அது வந்து உட்கார்ந்துகொண்டது.

சின்னவளின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி, பவர் பார்ப்பது, ஃபிரேம் மாற்றுவது. வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘மாப்பிள்ளை’தான். நல்ல மனுஷர். குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. அதுதான் பெரியவளுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். அவர் பழைய கார்க்காரர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்து, இரண்டு வருஷம் அந்தக் காரையே கட்டிக்கொண்டு அழுதார். வாராவாரம் குடும்ப குரூப்பில் படம் வரும். துரு சுரண்டிய கதவு, புது ரப்பர், பளபளவென்று பம்பர். பெரியவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள்.

அந்தச் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை நடத்தும் கார்க் கண்காட்சிக்குத்தான் அன்றைக்குப் போனாள். கடைத்தெருவை இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து மூடியிருந்தார்கள். நடுவில் ஜனம். இரண்டு பக்கமும் பழைய கார்கள் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன, பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி. பாப்கார்ன் வண்டி, பலூன்காரர், பிள்ளைகள் முகத்தில் புலி வரைகிற பெண், ஒரு பேண்டு வாத்தியக் குழு. தெருக்கோடியில் மேடை. சங்கத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்தவர் விடவே இல்லை. யாருடைய காரோ பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதைக்கூட நல்ல செய்தி மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் காரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது சாம்பல் நிறக் கார். இது வான நீலம், மேல்கூரை மட்டும் வெள்ளை; பெயின்ட் அடித்ததை மட்டும் குரூப்பில் காட்டாமல் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த நிறம்தானாம், சாம்பல் நிறம் பின்னால் யாரோ அடித்ததாம். அசலுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று மாப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார். அப்படியானால் நான் உட்கார்ந்து போனதெல்லாம் போலியா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். காருக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை. எந்த வருஷத்து வண்டி, என்ன எஞ்சின் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் உரிமையாளர் என்று போட்டு மாப்பிள்ளையின் பெயர். அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

பலகைக்குப் பக்கத்தில் குடை நிழலில் சக்கர நாற்காலியில் அப்பா. முடி வாரி, பவுடர் போட்டு, புதுச் சட்டையில் இருந்தார். அவளைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் சிரித்தது. அவள் குனிந்து அவருடைய காலர் பட்டனைச் சரி செய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

சின்னவள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள், டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், உருளைக்கிழங்கு வறுவலைத் தனியாகக் கட்டியிருந்தாள். இப்படியெல்லாம் அன்பாக இருப்பவளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எரிவது. பெரியவள் சாப்பிட்டாள். வறுவல் நன்றாக இருந்தது, அதற்கும் எரிந்தது.

பிறகு அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். யாராவது காரைத் தொட்டால் விரல் தடம் பதிகிறது, அதை உடனே துடைக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு மெத்தென்ற மஞ்சள் துணியைக் கொடுத்து, அக்கா நீங்க இருந்தா எனக்குக் கவலையில்ல என்றார். உண்மையாகவே சொன்னார். அவள் துடைத்தாள். ஒரு பெண்மணி வந்து, நீங்கள் இவர்களிடம் வேலை பார்க்கிறீர்களா, கார் கழுவ என் வீட்டுக்கும் வருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். இன்னொருத்தர் ஃபோனை அவள் கையில் திணித்து, கார்க்காரர் குடும்பத்தை ஒரு படம் எடுக்கச் சொன்னார். அப்பா, சின்னவள், மாப்பிள்ளை, நடுவில் நீலக் கார். அவள் எடுத்தாள். நன்றாகவும் எடுத்தாள், அதில் குறை வைக்க மனசு வரவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் கையில் டார்ச், ஒருவர் கையில் அட்டை, மூன்றாமவர் எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர். வண்டிக்குப் பின்னால் ஏதாவது கதை உண்டா என்று அட்டைக்காரர் கேட்டார். மாப்பிள்ளை சொல்ல ஆரம்பித்தார். மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் போனது, மாமா பதறாமல் கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினது, உரசலில் கதவில் விழுந்த நெளிவை நாங்கள் வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருக்கிறோம் என்று. அழகாகச் சொன்னார். டார்ச்காரர் அந்த நெளிவைத் தடவிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அந்தக் காரில் அன்றைக்கு முன் சீட்டில் இருந்தது பெரியவள். வயது பதினொன்று. அப்பா பதறாமல் இருந்தார் என்பதெல்லாம் பொய், அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இறங்கினார்.

"மண்மேடு இல்ல," என்றாள் பெரியவள். "ரோடு போடக் கொட்டி வெச்ச ஜல்லி."

மூன்று நடுவர்களும் திரும்பினார்கள். கையில் மஞ்சள் துணியோடு நின்றவளை அட்டைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார்.

"எங்க வீட்டம்மாவோட அக்கா," என்றார் மாப்பிள்ளை.

அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தக் காருக்கும் தனக்கும் நடுவில் இப்போது ‘எங்க வீட்டம்மா’ வந்து நின்றுவிட்டதை அவள் கேட்டாள். ஜல்லி என்று எழுதிக்கொள்ளக்கூட அட்டைக்காரர் மெனக்கெடவில்லை. அடுத்த காருக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஊர்வலம். நீலக் காரில் மாப்பிள்ளையும் சின்னவளும் முன்னால் உட்கார்ந்து போனார்கள். அக்கா நீயும் ஏறிக்கோ, பின்னால இடமிருக்கு என்று சின்னவள் கூப்பிட்டாள். அப்பாவைத் தனியாக விட முடியாது என்று சொல்லிப் பெரியவள் தப்பித்துக்கொண்டாள். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஊர்ந்து, தெருவை மூன்று சுற்றுச் சுற்றி, மேடைக்குக் கொஞ்சம் தள்ளி எல்லாக் கார்களும் நின்றன. அப்புறம் செயலாளர் பேசினார். அவருக்குப் பிறகு ஒருவர் பேசினார். அவரை வாழ்த்தி இன்னொருவர் பேசினார். முக்கால் மணி நேரம் கார்கள் சுடும் வெயிலில் நின்றன.

கடைசியில் மூன்று கார்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்கள். சங்கத்து விதி எளிமையானது. பேர் கூப்பிட்டதும் வண்டி தன்னால் கிளம்ப வேண்டும். யாரும் தள்ளக் கூடாது, வேறு பேட்டரி வைக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்குள் மேடைக்கு வந்துவிட வேண்டும். ஓடாத கார் பொம்மை, பொம்மைக்குப் பரிசில்லை என்றார் செயலாளர். மருந்துக் கடைக்கார அம்மாவின் சிவப்புக் கார் சமர்த்தாகக் கிளம்பி வந்தது. தபால்காரர் ஒருவருடைய பச்சைக் கார் இருமிக்கொண்டே வந்தது. மூன்றாவதாக நீலக் கார். கப் அதற்குத்தான் என்று கூட்டத்துக்கே தெரிந்திருந்தது.

மாப்பிள்ளை சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி திருப்பினார். ‘டக்’ என்றுகூடக் கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. அவருடைய தாடிக்கார மெக்கானிக் ஓடிவந்து மூடியைத் திறந்தார். பேட்டரியைத் தொட்டார், ஒயர்களை ஆட்டினார், ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது.

நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெரியவளுக்கு முதல் தடவை சாவி திரும்பியபோதே தெரிந்துவிட்டது. கோளாறு மூடிக்கடியில் இல்லை. முன்பக்கத்துச் சின்னப் பெட்டி, காகிதங்கள் வைக்கிற பெட்டி, அதற்குப் பின்னால் விரல் தடிமனுக்கு ஒரு ஒயர்க் கற்றை தொங்கும். ஓடிச் சூடேறிய கார் வெயிலில் நெடுநேரம் நின்றால் கற்றை இளகித் தழைந்து, எங்கேயோ தொடர்பு விட்டுப்போகும். அப்பா எத்தனையோ பேரிடம் காட்டியும் யாராலும் சரி செய்ய முடியவில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு அந்தக் கற்றையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். பெரியவர்கள் கை அங்கே சரியாக நுழையாது. அதனால் அது அவள் வேலை. அதற்காகத்தான் அவளுக்கு எப்போதும் முன் சீட். சின்னவள் பின்னால் அம்மாவோடும் பைகளோடும் தூங்கிக்கொண்டு வருவாள், அவளுக்கு இதெல்லாம் தெரியாது. மாப்பிள்ளை காலைக் குளிரில் மட்டும் வண்டியை எடுத்து ஓட்டிப் பார்த்தவர், அவருக்கும் தெரிய வழியில்லை. பழைய ஒயரை மாற்றாமல் வைத்தால் அசலுக்கு மார்க் உண்டு என்று அதை அப்படியே விட்டிருந்தார்.

நான்கு எட்டு வைத்தால் போதும். அவள் வைக்கவில்லை.

நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு அவளே தன் வீட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டாள். இரண்டு வருஷமாக எரிந்த இடத்தில் குளுகுளுவென்று ஏதோ இறங்கியது. உரிமையாளர் என்று பலகையில் பேர் போட்டுக்கொண்டவர் வியர்க்க விறுவிறுக்கச் சாவியோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. நான்கு நிமிஷம் இருக்கிறது என்றார் செயலாளர், அதையும் நல்ல செய்தி மாதிரி.

அப்போது அப்பாவின் இடது கை எழுந்தது. உள்ளங்கையை வானத்தைப் பார்த்து வைத்து மேலே, மேலே என்று தூக்கினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

காரிலிருந்து இறங்கிய சின்னவள் பதறி ஓடிவந்தாள். "அப்பா தூக்கச் சொல்றார். உக்காந்து உக்காந்து வலிக்குது போல." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உதவிக்கு வந்து அப்பாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் கோபமாகத் தலையை ஆட்டினார். மறுபடி உட்கார வைத்தார்கள். கை மறுபடி எழுந்தது, மேலே, மேலே. சின்னவள் குடையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள், தலைக்கு அணை கொடுத்துப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துப் பார்த்தாள். அப்பா அதைத் தட்டிவிட்டார். பிறகு கழுத்தைத் திருப்பித் தேடினார். பின்னால் நின்ற பெரியவளைக் கண்டுபிடித்தார். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே கையை மேலே தூக்கினார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதிரில் பாப்கார்ன் வண்டி. கண்ணாடிக்குள் பொரி பொங்கி வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிஷம் என்றார் மைக்கில். ஒரு நிமிஷம் என்றார். பொரி வழிந்துகொண்டே இருந்தது.

நேரம் முடிந்தது. கூட்டம் ஐயோ பாவம் என்று ஒரு சத்தம் போட்டது. மருந்துக் கடைக்கார அம்மாவுக்குக் கப் கொடுத்தார்கள். பேண்டு வாசித்தார்கள். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி, எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். மனுஷர் அப்படி.

ஆனால் அப்பாவின் கை நிற்கவில்லை. கப் யாருக்குப் போயிற்று என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மேலே, மேலே என்று காற்றைத் தூக்கிக்கொண்டே இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து பவுடரில் கோடு போட்டது. கப்புதானேப்பா, போனா போகுது, அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் என்று சின்னவள் அவர் கன்னத்தைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். அவர் அழுதது கப்புக்காக இல்லை. பெரியவளுக்கு அது தெரிந்தது. குளுமை எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை, கைதட்டல் அடங்கியபோது அது இல்லை.

மஞ்சள் துணியை நாற்காலி மேல் போட்டுவிட்டுப் போனாள். கார்க் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். புதுத் தோல் வாசனை. சின்னப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள், இப்போது மணிக்கட்டு வரைதான் நுழைந்தது, புறங்கையில் சிராய்த்தது. கற்றை விரலில் பட்டது. மேலே தூக்கினாள்.

"சாவியைத் திருப்புங்க," என்றாள்.

மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பிற்று.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா, அக்கா என்று நான்கு தடவை சொன்னார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார், போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, எங்க அக்கா வேன் ஓட்டறாங்க, கையை வெச்சாலே வண்டி பேசும் என்றார். பத்து நிமிஷம் முன்னால தோணியிருந்தா கப் நம்மளுது என்று சிரித்தார். அதில் ஒரு சொட்டுக் குத்தல் கிடையாது. அவருக்கு உண்மையாகவே அது இப்போதுதான் அவளுக்குத் தோன்றியதாக நினைப்பு.

நாற்காலியில் அப்பா கையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் சின்னவள் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. காரைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

நீங்க அப்பாவைக் கூட்டிட்டு முன்னால போங்க, நாங்க ரெண்டு பேரும் நடந்து வர்றோம் என்று சின்னவள் தன் கணவரிடம் சொன்னாள். கார் போனது. தடுப்புகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் நசுங்கிய காகிதக் கோப்பைகள். அக்காவும் தங்கையும் தெருவின் பாதி வரை நடந்ததும் சின்னவள் கேட்டாள்.

"அப்பா கையைத் தூக்கினப்பவே உனக்குப் புரிஞ்சுது, இல்ல?"

"அதுக்கு முன்னாடியே. வண்டி நின்னப்பவே."

"ஏன்க்கா?"

"எரிஞ்சுது," என்றாள் பெரியவள். "ரெண்டு வருஷமா எரியுது. அப்பா உன்கிட்ட. கார் உன்கிட்ட. எனக்குத் தொடைக்கிற துணி."

சின்னவள் நின்றுவிட்டாள். அவள் கத்துவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"கப் போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலக்கா. வீட்டுல வைக்க இடமும் இல்ல. ஆனா அப்பா ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒண்ணு சொல்ல வந்தார். நான் குளிப்பாட்டுறேன், ஊட்டறேன், துணி மாத்தறேன். என்னைப் பாத்து ஒண்ணும் சொல்ல மாட்டார். இன்னிக்கும் என்னைத் தள்ளிவிட்டுட்டு உன்னைத்தான் தேடினார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சின்ன வயசுலேருந்து அவர் பின்னந்தலையைத்தான் நான் பாத்திருக்கேன். முன் சீட் எப்பவும் உனக்குத்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவர் பேசினது புரிஞ்ச ஒரே ஆளு நீ. நீ திரும்பிக்கிட்டே."

தன்னைப் பார்த்து ஒருத்தி எரிய முடியும் என்று பெரியவளுக்கு நாற்பத்தாறு வயது வரை தோன்றியதே இல்லை. அதுவும் அந்தச் சூடான சீட்டுக்காக, தொடையில் ஒட்டிக்கொள்ளும் ரெக்ஸின் சீட்டுக்காக. தங்கை வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே போகாமல் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பினாள். சின்னவள் கூப்பிடவும் இல்லை.

ஐந்து வாரம் இரண்டு பேரும் பேசவில்லை. குடும்ப குரூப்பில் மாப்பிள்ளை மட்டும் ஒயர்க் கற்றையை மாற்றிய படம் போட்டார். அடுத்த வருஷம் காரை மேடைக்கு ஓட்டிக்கொண்டு வருவது அக்காதான் என்றும் எழுதியிருந்தார். சின்னவள் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. அது தயவா, கையில் வைத்திருக்கும் பிடியா என்று பெரியவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு மணி அடிக்கக் காத்திருந்தபோது சின்னவளிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இடது கைவிரல்களைக் குவித்து மோவாயைத் தொடுகிறார், பிறகு கதவைக் காட்டுகிறார். மறுபடி மோவாய், மறுபடி கதவு. கீழே ஒரே வரி: ‘மூணு நாளா இதையே காட்டறார். உனக்குப் புரியுதா?’

பெரியவள் அதைப் பத்துத் தடவை பார்த்தாள். புரியவில்லை. புரியவில்லை என்று எழுதப் பிடிக்காமல், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனோடு நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் கதவைத் திறந்து, வா என்று சொல்லாமல், தரை ஈரமா இருக்கு பாத்து நட என்றாள். அவள் நடந்தாள்.

அப்பாவின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சவரம் செய்ய வேண்டுமா என்று பெரியவள் கேட்டாள், கிடையாது. பல் வலியா என்றாள் சின்னவள். வெளியே போக வேண்டுமா, தாடிக்கார மெக்கானிக் வர வேண்டுமா, குளிர்கிறதா. ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றவள் அவர் கண் யார் பக்கம் போகிறது என்று பார்த்தாள். அக்கா ஏதோ சொல்லி அப்பா ஒரு கணம் யோசித்தால் சின்னவள் முகம் சுண்டும். சின்னவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டால் பெரியவள் எழுந்து மின்விசிறியைக் குறைப்பாள். பொறாமை எங்கேயும் போய்விடவில்லை. இப்போது எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு வெளிப்படையாக உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மூன்று நாள் வெளியூரில் ஃபிரேம் வாங்கப் போயிருந்தவர், பையை வைக்கக்கூட இல்லை, அப்பா முகம் முழுசும், அசையாத பக்கம்கூட அசைந்த மாதிரி, மலர்ந்தது. விரலைக் குவித்து மோவாயைத் தொட்டார். மாப்பிள்ளை பெண்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு பால் மிட்டாயை எடுத்துப் பிரித்து அவர் வாயில் போட்டார். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் சாயங்காலம் ஒன்று நடக்கிறதாம். வாயோரம் ஒழுகினால் தெரிந்துவிடும் என்று மோவாயைத் துடைத்துவிடுவாராம்.

அப்பா மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. தன் பெண்கள் இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்திருப்பதே அவருக்கு ஞாபகமில்லை.

"இவரைப் பாருக்கா," என்றாள் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பெரியவள்.